இடது கட்டைவிரலுக்கு ஒரு வேலை

என் வீட்டுக்காரர் அம்பிகைபாகனால் எதையும் சும்மா இருக்கவிட முடியாது. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். கிறீச்சிடாவிட்டாலும் விடுவார், நாளைக்குக் கிறீச்சிட்டால் என்ன செய்வது என்று. பினாங்கில், ஆயர் ஈத்தாமில், எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எல்லா நாற்காலிகளின் கால்களையும் அவர் ஒருமுறையாவது அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார், முதுகுக்கு நல்லதாம். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் மேசைமேல் என்ன பலகாரம் இருக்கிறது என்று எழுந்து நின்றுதான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் ஒரு நாள் என் வலது கை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லாமலேயே இருந்திருப்பேன். ஆனால் வலி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. தோசையைத் திருப்ப முடியவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கை முழங்கை வரைக்கும் சுரீரென்று இழுத்தது.

நான் லைட் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். பெயர் தவமணி. கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். டைப்ரைட்டர் இருந்தவரைக்கும் என் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு வரி முடிந்தால் கையை எடுத்து உருளையைத் தள்ளலாம், காகிதம் மாற்றலாம், பிழை வந்தால் வெள்ளை மை பூசிவிட்டு அது காயும்வரை ஊதிக்கொண்டே சன்னலுக்கு வெளியே பார்க்கலாம். கம்ப்யூட்டர் வந்தது; ஊதுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. காலையில் கையை வைத்தால் சாப்பாட்டு நேரம்வரைக்கும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வேகமாக அடிக்கிறாள் என்று பத்திரங்களையெல்லாம் என் மேசையிலேயே கொண்டுவந்து குவித்தார்கள்.

முதலாளி யூசுப் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, கவலைப்பட வேண்டாம், ஹரி ராயா பெருநாள் விடுமுறைக்குள் கை சரியாகாவிட்டாலும் வேலை போகாது, முன்னால் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொள்ளலாம், வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னால் போதும் என்றார்.

சிரித்த முகம்! என் சொந்த அக்காவே அவள் வீட்டு விசேஷத்தில் என்னை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தமாட்டாள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தட்டச்சு. ஒன்பது விரலும் ஒன்றாக ஓடும்போது எனக்குக் கிடைக்கிற நிம்மதி கோயிலில்கூடக் கிடைத்ததில்லை. (பத்தாவது விரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பயத்தில் அழுதுவிட்டேன்.

அம்பிகைபாகன் புக்கிட் தெங்காவில் ஒரு கீபோர்டு ஆலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். தினமும் ஆலை பஸ்ஸில் கடல் பாலத்தைத் தாண்டிப் போய் வருவார். அங்கே செய்கிற கீபோர்டுகள் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போகும். எல்லாம் ஒரே மாதிரி, தட்டையாக, பலகைபோல இருப்பவை. அவர் என் கையைத் தன் மடியில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தப்பு ஒன் கைமேல இல்ல தவம். கீபோர்டு மேலதான்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து ஏதோ ஒரு விஷயத்தில் தப்பு என்மேல் இல்லை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அவர் விளக்கினார். இரண்டு கையையும் ஒரு சின்னப் பலகைமேல் நெருக்கி வைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாக ஒடித்துக்கொண்டு நாள் முழுக்க அடிக்கிறோம். கீபோர்டை நடுவில் பிளந்து, தோளுக்கு நேராக இரண்டு பாதியையும் விலக்கி, நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கை நேராக இருக்கும். அதுவும் தோள் அகலமானவர்களுக்கு ரொம்ப வசதி என்றார். தோளைப் பற்றி அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆலையில் மேலாளரிடம் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் சிலர் சீக்கிரம் வரப் போகிறார்கள், புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், ஒரு மாதிரி செய்து வை, அவர்களுக்குப் பிடித்தால் ஆலையே அதைச் செய்யும் என்று மேலாளர் ஒத்துக்கொண்டார். ஆலையிலிருந்து வருகிற முதல் கீபோர்டை என் மேசையில் வைத்துக்கொள்ள யூசுபும் சம்மதித்தார். அதனால் அந்தக் கீபோர்டு என் வீட்டுக்காரருக்கு எப்படியோ, எனக்கு என் நாற்காலி.

பரிசோதனைக்குத் தட்டச்சர்கள் வேண்டும் என்றார். அதை என்னிடம் விடுங்கள் என்றேன். நம்மவர்களில் ஆள் சேர்ப்பது பெரிய காரியமா? வெள்ளிக்கிழமை கோயிலில் பிரகாரம் சுற்றும்போது இரண்டு பேர் காதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. நகராட்சி அலுவலகத்துச் சற்குணம் வந்தாள். துறைமுக அலுவலகத்து வடிவம்மாள் அக்கா வந்தார். அவர்களுடைய நாத்தனார்கள், நாத்தனார்களின் சிநேகிதிகள் என்று எல்லாரும் குட்டை நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அம்பிகைபாகன் என் சப்பாத்தி மாவை எடுத்து மேசையெல்லாம் பரப்பி, ஒவ்வொருவரையும் அதில் கையை அழுத்தச் சொன்னார். தட்டும்போது உள்ளங்கை எப்படி இருக்கிறதோ அப்படியே பதிய வேண்டுமாம். எதிர்வீட்டு வேலு கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கைரேகை பார்க்கிறார்கள் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றான். அவன் கையையும் அழுத்தச் சொல்லி அளவெடுத்தார். வெளிநாட்டுப் பயணம் உண்டா என்று வேலு கேட்டான். என் வீட்டுக்காரர் வேலை மும்முரத்தில், ஆலையிலிருந்து எல்லாமே வெளிநாட்டுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். வேலு அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான். அன்று ராத்திரி எங்களுக்குச் சப்பாத்தி இல்லை. அந்த மாவில் இருந்தது பினாங்குத் தட்டச்சர்களின் உள்ளங்கை.

இங்கேதான் நல்லம்மா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குயின் ஸ்திரீட்டில் பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் அவர் தட்டச்சு வகுப்பு நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். எத்தனை வருஷம் ஆனாலும் பேச்சு மாறவில்லை. எங்கள் ஆட்கள் பெண்பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்ததும் தலைவாரிப் பூ வைத்து அந்த மாடிப்படி ஏற்றிவிடுவார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஸ்பேஸ் பாரை, அதுதான் இரண்டு சொல்லுக்கு நடுவே இடம் விடுவதற்குக் கீழே நீளமாக இருக்குமே அதை, வலது கட்டைவிரலால் மட்டுமே தட்ட வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டீச்சர் ஒரு சிவப்பு ரிப்பனால் இடது கட்டைவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்.

"கடிதம் எண்டா அது இன்னொருத்தருக்குக் குடுக்கிறது பிள்ளை. குடுக்கிறதை இடக்கையால குடுக்கலாமோ?" என்பார்.

சற்குணம் ஒருமுறை துணிச்சலாக எழுந்து, இடது கை மற்ற எழுத்துகளையெல்லாம் அடிக்கிறதே டீச்சர், அதுமட்டும் சரியா என்று கேட்டாள். டீச்சர் அசரவில்லை. அந்த எழுத்துகளுக்கு வேறு வழியில்லை, வழி இருக்கிற இடத்தில் வலக்கைதான் என்றார். எங்களுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. மாதக்கணக்கில் ரிப்பன் கட்டி அடித்தோம். பிறகு ரிப்பனை அவிழ்த்தும் அந்த விரல் அசையவில்லை. என் பத்தாவது விரல் அதுதான்.

அம்பிகைபாகன் எங்கிருந்தோ பழைய பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே பொருத்தி வைத்திருந்த கம்ப்யூட்டரில் நாங்கள் அடிக்க, எங்கள் கைகளைப் பின்னால் நின்று வாரக்கணக்கில் கவனித்தார். ஒரு நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். தட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் இடது கட்டைவிரல் ஒரு வேலையும் செய்யாமல் சம்பளம் வாங்குகிறது. அதே சமயம் பிழையை அழிக்க வேண்டும் என்றால் பாவம், சுண்டுவிரல் மூலையில் இருக்கும் பொத்தானைத் தேடி ஓடுகிறது. அதனால் ஸ்பேஸ் பாரை இரண்டாக வெட்டி, வலது துண்டை இடம் விடுவதற்கு வைத்துக்கொண்டு, இடது துண்டை அழிக்கும் பொத்தானாக மாற்றிவிட்டேன் என்றார். சும்மா கிடக்கும் விரலுக்கு வேலை கொடுத்த பெருமை அவர் முகத்தில் தாங்கவில்லை.

கீபோர்டு வந்தது. நடுவில் பிளந்து, கூரைபோல மேடாக, உள்ளங்கைக்கு எங்கள் சப்பாத்தி மாவில் பதிந்த பள்ளங்களோடு இருந்தது. எல்லாரும் மறுபடி ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துப் பார்த்தார்கள். அருமை என்றார்கள். வடிவம்மாள் அக்கா, இதைப் பார்த்தால் தலைசாய்த்துப் படுக்கலாம்போல இருக்கிறது என்றார். எனக்கு மணிக்கட்டு கொஞ்சம் இலேசானது. வலி முழுவதும் போகவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று நான் விடுப்புப் போட்டுவிட்டுப் புக்கிட் தெங்காவுக்குப் போனேன். அடித்துக் காட்டப் போவது நான்தான். நல்ல பட்டுப்புடவை கட்டி, மணிக்கட்டுத் துணியை வளையலுக்குள் மறைத்துக்கொண்டேன். கூட்ட அறையில் குளிர் நடுக்கியது. நான் ஒரு பக்கம் அடித்தேன், தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. டை கட்டிய நான்கு பேரும் தலையாட்டினார்கள். அப்போது அவர்களில் ஒருவர், இந்த அம்மா நிறையப் பழகியிருக்கிறார், இதுவரை இதைத் தொடாத ஒருவர் அடித்தால் பார்க்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலாளர் உடனே தன் செயலாளர் ரோஹானாவைக் கூப்பிட்டார்.

ரோஹானா சின்னப் பெண். தலையில் இளநீலத் துணி, முகத்தில் நான் செத்தாலும் கொண்டுவர முடியாத சிரிப்பு. உட்கார்ந்தாள். உள்ளங்கையை வைத்ததும் நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொன்னாள். அடிக்கத் தொடங்கினாள்.

அவள் இடது கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறவள்.

ஒவ்வொரு சொல்லும் முடிந்ததும் இடம் விட அவள் தட்டினாள். கீபோர்டு அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை அழித்தது. சொல்லெல்லாம் வாலை இழந்து அடுத்த சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. மாமா வந்தார் என்று அடித்தால் மாமவந்தார் என்று நிற்கிறதைப்போல, ஒரு முழுக் கடிதமும் அப்படி வந்தது. ரோஹானா திரையைப் பார்த்தாள். இடம் விழவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். இன்னும் இரண்டு எழுத்து போயிற்று. அவளுக்குப் பதற்றம் வந்துவிட்டது. இடம் விழும்வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தாள். கடிதம் பின்னாலேயே நடந்து நடந்து போய், கடைசியில் திரையில் ஒரே ஒரு எழுத்து நின்றது. அதையும் அவள் தட்டிவிட்டாள்.

டை கட்டியவர்களில் வயதானவர் மிகவும் மரியாதையாக, இது கடிதம் எழுதுவதற்கா அல்லது எழுதியதை ஒழிப்பதற்கா என்று கேட்டார். மேலாளர் எல்லாரையும் காப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் ரோஹானாவோடு அந்த அறையில் தனியாக நின்றேன். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் நாற்காலியை ஒரு விரலால் தட்டி விழவைத்துவிட்டாளே என்று இருந்தது. அவளோ அழுகிற நிலையில் மன்னிப்புக் கேட்டாள். அதனால் கோபத்தை அடக்கிக்கொண்டு, ஏன் அம்மா இடது கையால் தட்டுகிறாய், உங்கள் ஆட்களும் வலது கையால்தானே கொடுக்க வாங்கச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கொடுக்கிறது வலது கையாலதான் காக். ஆனா இது யாருக்கும் ஒண்ணும் கொடுக்கலியே, வெறும் எடம்தானே?" என்ற அர்த்தத்தில், என்னை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் மாற்றி மாற்றி அசைத்துக் காட்டினாள். எது சும்மா இருக்கிறதோ அதால் தட்டுவாளாம். கை வலிக்குமா என்று கேட்டேன். எதற்கு வலிக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.

சாயங்காலம் அம்பிகைபாகன் கீபோர்டைச் சந்தைக்குக் கொண்டுபோகிற பசார் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பழைய சாமான் அறையில் போடச் சொன்னார்களாம். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதற்கு மேலாளர், தாராளமாக, யாரும் தேடமாட்டார்கள் என்றாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"எடது கட்டைவெரலால நீ ஏன் தட்டமாட்ட?" என்றார் திடீரென்று.

"தட்டக் கூடாதுங்க."

"யார் சொன்னா?"

"டீச்சர்."

"சற்குணம்?"

"அவளும் டீச்சர்கிட்டதான் படிச்சா."

"வடிவம்மா அக்கா?"

"அவங்களும்தான். எல்லாருமே அங்கதான்லா. வேற எங்க போவோம்?"

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். "அப்ப நான் டைப்பிஸ்டுங்களுக்குக் கீபோர்டு செய்யல. நல்லம்மா டீச்சருக்குத்தான் செஞ்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கோயிலில் ஆள் பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று என்மேல் பாய்ந்தார். தெருவில் போகிற சீனர்களையும் மலாய்க்காரர்களையும் கையைப் பிடித்து மாவில் அழுத்த நான் என்ன பைத்தியமா என்று நானும் பாய்ந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகவே நடந்தது. பாதிச் சண்டையில் அவர் நிறுத்திவிட்டு, வலி சரியாக எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டார். நான் வலது கட்டைவிரலின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினேன்.

"இத்தன நாளா மணிக்கட்டுன்னுதானே சொன்ன?"

"மணிக்கட்டுக்கும் போவுதுங்க. ஆரம்பிக்கிறது இங்கதான். நீங்க கேக்கலியே."

என் தோள் அகலத்தை அளந்தவர், உள்ளங்கைப் பள்ளத்தை அளந்தவர், எந்த விரல் என்று கேட்கவில்லை. நானும் விரலைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டு, எல்லாத் தட்டும் ஒரே விரலுக்கு, டீச்சர் ரிப்பன் கட்டிய நாளிலிருந்து. அவர் என் இரண்டு கட்டைவிரலையும் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

அந்த வாரமே கீபோர்டின் வயிற்றைப் பிரித்து, இரண்டு துண்டும் இடம் விடுகிற மாதிரி மாற்றிவிட்டார். அழிக்கும் பொத்தான் பழையபடி மூலைக்குப் போயிற்று. இனி நான் இடது கட்டைவிரலைப் பழக்க வேண்டும்.

அது சொன்னால் நம்பமாட்டீர்கள். முதன்முதலாக மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன்போல அந்த விரல் எங்கே உட்காருவது, எப்போது எழுவது என்று தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. நான் இடது என்று நினைத்தால் வலது போய்த் தட்டியது. கடைசியில் டீச்சரின் உத்தியையே எடுத்தேன். கடையில் சிவப்பு ரிப்பன் வாங்கி, இந்தத் தடவை வலது கட்டைவிரலைக் கட்டிப்போட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து அடித்தேன். முதல் முறை இடது விரல் தானாகத் தட்டியபோது என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன், பின்னால் டீச்சர் நிற்கிறாரோ என்று.

ஹரி ராயாவுக்கு முன்னால் தோசை தானாகத் திரும்பியது. பிறகு ஜாடி திறந்தது. கீபோர்டைப் பசார் பையில் வைத்து தினமும் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தேன்; ஏனென்றால் அவர் ராத்திரி ஏதாவது ஒரு திருகை முடுக்காமல் தூங்கமாட்டார். வரவேற்பு மேசைக்கு யூசுப் வேறொரு பெண்ணை வைத்தார். அவள் சிரிக்கிறாள். நான் உள்ளே என் நாற்காலியில் பத்து விரலாலும் அடிக்கிறேன்.

ஆலை அதை எப்போதும் செய்யவில்லை. பழைய தட்டைப் பலகைகளே கப்பல் ஏறின. வேலுவும் இங்கேதான் இருக்கிறான். ஆனால் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. தவமணி இடது கட்டைவிரலால் தட்டுகிறாளாம் என்று சற்குணம் கோயிலில் சொல்ல, வடிவம்மாள் அக்கா வாயில் கைவைத்தாராம். டீச்சர் காதுக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். வரட்டும் என்று இருந்தேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கினேன். உங்களால்தான் என் கை கெட்டது, உங்களால்தான் இந்த மனிதர் ஆலையில் தலைகுனிந்தார், இடம் விடுவது யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. நல்ல பேச்சு. அதை எங்கேயும் தடுக்காமல் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நல்லம்மா டீச்சர். மின்தூக்கி பழுது; படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தம்பி மகனுக்குக் கல்யாணமாம், வீடு வீடாக நேரில் போய்ச் சொல்கிறாராம். உள்ளே வந்தவரின் கண் நேராகக் கம்ப்யூட்டர் மேசைமேல் போய், கூரைபோல நின்ற கீபோர்டில் நின்றது. நான் என் பேச்சை எடுத்துத் தொண்டைவரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

டீச்சர் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து என் பக்கம் நீட்டினார். இடது கையால் நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு சேலைத் தலைப்புக்குள் இருந்த மற்றக் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் துணி சுற்றியிருந்தது. தைல வாசனை அப்போதுதான் எனக்கு வந்தது.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை. வலக்கை பிடிக்குதில்லை. கார்டுகூட நிக்குதில்லை," என்றார். எங்களுக்கு ஒரு நாளும் குனியாத அந்தத் தலை குனிந்திருந்தது. எத்தனை வீட்டுப் படியேறி எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அடுக்கி வைத்த பேச்சில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

அழைப்பிதழை வலது கையால் வாங்கிக்கொண்டேன். டீச்சரின் தோளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் குட்டை நாற்காலியில் உட்காரவைத்தேன். சமையலறை வாசலில் அம்பிகைபாகன் காப்பிக் குவளையோடு நின்றார். உள்ளே போங்கள் என்று கண்ணால் சொன்னேன். டீச்சரின் விரல்கள் தாமாகவே போய் எழுத்துகள்மேல் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. இடது கட்டைவிரல் மட்டும் மேலே விறைத்துக்கொண்டு நின்றது. நான் அதன்கீழே இருந்த துண்டைக் காட்டினேன். டீச்சர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி, கூடத்து மூலையில் துணித் திரை விலகி விளக்கு எரிந்துகொண்டிருந்த எங்கள் சாமி மேடையைப் பார்த்தார்.

"தவமணி," என்றார் மெதுவாக, "அந்தத் திரையை ஒருக்கா இழுத்துவிடு பிள்ளை."

வலது கையில் அழைப்பிதழ் இருந்ததால் நான் போய் இடது கையால் இழுத்துவிட்டேன்.